சின்னப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி: திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு என்ன படிக்கலாம்?

கன்னடியன்வாய்க்கால்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் சேரன்மகாதேவி பக்கம். பி.ஏ. தமிழ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் டிஎன்பிஎஸ்சி எழுது, பேங்க் பரீட்சை எழுது என்கிறார்கள். எனக்கு வேறொரு எண்ணம். அதைக் கேட்கத்தான் இந்த இழை.

அண்ணன் மகனுக்கு வருகிற பங்குனியில் மூன்று வயது முடிகிறது. ஒன்றரை வயதிலும் ஒரு சொல் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்சி போட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். இவன் அப்பன் வாயைத் திறக்கவே நாலு வயசு ஆச்சு" என்று ஆச்சி சொன்னார். நாங்களும் நம்பினோம். நாக்கில் வசம்பு உரசித் தடவினோம். கோயிலுக்கு மணி வாங்கிப் போடுவதாக நேர்ந்தோம். இதிலேயே ஒரு வருடம் போய்விட்டது. கடைசியில் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் அவனைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியது.

மதினி பீடி சுற்றுகிறார். சுளகை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் வாரம் மூன்று நாள் நான்தான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் பயிற்சிக்குப் போகிறேன். முதல் வாரம் அந்த டீச்சர் செய்ததைப் பார்த்தபோது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் தோன்றியது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் இருக்கிறதே, அந்த மரப் பானையை அவன் கையில் கொடுத்தார். மூடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை, சும்மா காத்திருந்தார். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டேன். அவன் பானையைப் பார்த்தான், டீச்சர் மடியைப் பார்த்தான், அப்புறம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவன் ஒருத்தர் முகத்தை அப்படிப் பார்த்து அதுவரை நான் கண்டதில்லை. "மூடி வேணுமா? இந்தா, மூடி" என்று உடனே கொடுத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே இருக்கிறது. டி.எட்., பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்றே மாதத்தில் 'குழந்தைகள் தெரபிஸ்ட்' சான்றிதழ் தருகிறோம், 18,000 ரூபாய் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அங்கே 1,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காட்டு டீச்சர்

தங்கச்சி, முதலில் அந்த மூன்று மாதப் படிப்பில் மீதிப் பணத்தைக் கட்டிவிடாதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

நம் நாட்டில் சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி போன்ற வேலைகளைச் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். ஆர்சிஐ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 1992-ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் உன் பெயரைச் சேர்த்து ஒரு எண் தருவார்கள். சிஆர்ஆர் எண் என்போம். அது இல்லாமல் இந்த வேலையைத் தொழிலாகச் செய்வது சட்டப்படி குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மூன்று மாதச் சான்றிதழ்க்காரர்கள் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உனக்கு இருக்கும் வழிகள் இவை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டி.எட். சிறப்புக் கல்வி இரண்டு வருடம். பட்டம் வாங்கியவர்களுக்கு பி.எட். சிறப்புக் கல்வி, அதுவும் இரண்டு வருடம். இரண்டுக்கும் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சேரும்போதே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: காது கேளாமை, பார்வைக் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு என்று. உன் மருமகனைப் போன்ற பிள்ளைகளோடு இருக்க வேண்டுமென்றால் மூன்றாவது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி பி.எட். இருந்திருக்கிறது, இரண்டரை வருடம். எங்கே சேர்ந்தாலும் சரி, ஆர்சிஐ வலைத்தளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பு, நீ சேரும் கல்வியாண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பார். போன வருடம் அனுமதி இருந்தது என்பார்கள். அது உனக்கு உதவாது.

பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கும் ஒன்று உண்டு. ஆர்சிஐயும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் கொண்டுவந்த ஆறு மாதப் படிப்பு. ஊருக்குள்ளேயே வீடு வீடாகப் போய் வேலை செய்யும் பணியாளர்களுக்கானது. உன் படிப்புக்கு பி.எட்.தான் என் எண்ணம். ஆனால் உன் தெருவில் இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் அக்காமார் இருந்தால் அவர்களுக்குச் சொல்.

இன்னொன்று. மதினி பீடி சுற்றும்போது பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானா? தூள் அவன் மூச்சில் போகாத மாதிரி தள்ளி, காற்றுப் போக்குள்ள இடத்தில் உட்கார வையுங்கள். சுற்றி முடித்து, கை கழுவி, சேலை மாற்றியபின் அவனுக்கென்று கால் மணி நேரம் போதும். மதினிக்கு அந்த மூடி விளையாட்டை நீயே சொல்லிக்கொடு. வாரம் மூன்று நாள் டீச்சர் செய்வதைவிட தினம் கால் மணி நேரம் அம்மா செய்வது பிள்ளையிடம் அதிகம் நிற்கும். பதினாலு வருடமாக நான் கண்டது இது.

காதும்பேச்சும்

திருவனந்தபுரத்தில் படித்தவன், இப்போது தென்காசியில் இருக்கிறேன். டீச்சர் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. பிள்ளைக்குக் காது சோதனை ஆகிவிட்டதா?

மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். உரத்த சத்தம் கேட்கும், மெல்லிய பேச்சு கேட்காது என்ற நிலையில் உள்ள பிள்ளைகள் நிறைய. கூப்பிட்டால் திரும்பாத எந்தப் பிள்ளைக்கும் ஆட்டிசமா, வேறு எதுவுமா என்று பேசுவதற்கு முன் காதைப் பார்த்துவிட வேண்டும். பெரா சோதனை என்று கேளுங்கள். பிள்ளை தூங்கும்போது தலையில் ஒட்டி எடுப்பார்கள், வலி கிடையாது. முந்தைய இரவு கொஞ்சம் தாமதமாகத் தூங்க வைத்து, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள், அங்கே தானாகத் தூங்கிவிடுவான்.

நம் பக்கம் அத்தை மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுவது இன்னும் இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாமைக்கு அதுவும் ஒரு காரணம். குற்றம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் குழந்தை பிறந்தால் முதல் மாதத்திலேயே சோதித்துவிடுங்கள். காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு உண்டு. ஆறு வரை நேரம் இருக்கிறது என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. மூன்று வயதுக்குள் கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கும் ஐந்தில் தொடங்கிய பிள்ளைக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம்.

படிப்பைப் பற்றி: பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு வருடம், அதில் ஒரு வருடம் பயிற்சி. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் வேண்டும். திருவனந்தபுரத்தில் நிஷ் என்ற நிறுவனம் 1997-இலிருந்து இருக்கிறது, நெல்லைக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். தங்கச்சி கலைப் பிரிவு என்றால் இது ஒத்துவராது. இந்த இழையைப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

மூலைநாற்காலி

நான் டீச்சர் இல்லை, அம்மா. என் மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் அழவில்லை, நீலம் பாரித்துவிட்டாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் யாரும் பெரிய இடத்துக்கு அனுப்பவில்லை. அதைப் பேசி இப்போது பயனில்லை.

படிக்கப் போகும் உனக்கு ஒன்று சொல்கிறேன் அம்மா. எங்களிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தர் காலைப் பிடித்து நீட்டி மடக்கிக் காட்டுவார், இன்னொருத்தர் அட்டை காட்டுவார். எல்லாரும் போகும்போது "வீட்ல செய்யுங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் எங்கே செய்வது என்று யாரும் பார்த்ததில்லை. ஒரு அறையும் ஒரு திண்ணையும்தான் வீடு.

ஒரே ஒரு பெண் மட்டும், ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில் பயிற்சி பெற்றவள், இருபத்தைந்து வயது கூட இருக்காது, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் எப்படிச் சோறு ஊட்டுகிறேன் என்று காட்டச் சொன்னாள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டுவேன், அப்போதுதான் வழியாமல் இறங்கும் என்று. அவள் திட்டவில்லை. "அக்கா, நீங்க மேலே பார்த்துக்கிட்டே ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றாள். குடித்தேன். புரையேறியது. "பாப்பாவுக்கும் அப்படித்தான் அக்கா இருக்கும்" என்றாள். அதோடு அந்தப் பழக்கம் நின்றது. அதுவரை மாதம் ஒருமுறை சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை.

அப்புறம் அவளே எங்கள் தெரு ஆசாரியிடம் பேசி, பழைய கதவுப் பலகையில் மூலை நாற்காலி செய்ய வைத்தாள். சுவர் மூலை மாதிரி இரண்டு பலகை சேரும் இடத்தில் முதுகு பதியும், தோள் இரண்டும் முன்னுக்கு வரும், முன்னால் ஒரு தட்டு. என் மகள் முதன்முதலாகக் கையை ஊன்றாமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முறுக்கு தின்றாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. இரண்டு வயதில் அந்தப் பெண் வந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

நீ எது படித்தாலும் தரையில் உட்காரத் தெரிந்தவளாக வா.

பனங்காட்டு டீச்சர்

@மூலைநாற்காலி அக்கா, நீங்கள் எழுதியதை என் மையத்தில் உள்ள எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அமர் சேவா சங்கம் பற்றித் தெரியாதவர்களுக்கு: தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. கடற்படை அதிகாரி தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயல் இழந்தவர். அந்த உடலோடு அவர் கட்டியது அது. 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-இல்தான், அதுவரை அது நம் மாவட்டமே. கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். செல்போன் செயலியில் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். தங்கச்சி, படிப்பில் சேர்வதற்கு முன் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

பாளையங்கோட்டையும் இதற்குப் பழைய இடம். பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள். இவ்வளவு பழைய ஊரில் இன்றைக்கும் வசம்பு உரசிக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அம்பைக்காரன்

ஊர் அம்பாசமுத்திரம், இப்போது அமெரிக்காவில். இங்கே 'மனித சேவைகள்' என்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. சிகிச்சை கொடுப்பவராக ஆக்கும் படிப்பு இல்லை அது. குடும்பத்துக்கும் மருத்துவர், பயிற்சியாளர், அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று வழி நடத்துபவர்களுக்கானது. என் மனைவி அதைப் படித்துவிட்டு மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களோடு வேலை செய்கிறாள்.

பிறப்பு முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்று 1986-இல் இங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்தில் தனிப் பகுதி சேர்த்தார்கள். யாராவது ஒரு பிள்ளையைப் பற்றித் தகவல் கொடுத்தால் 45 நாளுக்குள் பரிசோதனை முடித்து, குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் எழுத வேண்டும். அந்தத் திட்டம் பிள்ளைக்கு மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் சேர்த்து: அம்மாவுக்கு என்ன கவலை, எது முதலில் வேண்டும், யார் வருவார்கள், எந்த நாள் என்று. பயிற்சி முடிந்தவரை வீட்டிலேயே நடக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு போன்.

நம் ஊரில் டாக்டர் இருக்கிறார், டீச்சர் இருக்கிறார், உதவித்தொகை இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரு தாய்க்குக் கோத்துக் கொடுக்க ஆள் இல்லை. அதனால் எம்.எஸ்.டபிள்யூ.வைத் தள்ளிவிடாதே தங்கச்சி.

பனங்காட்டு டீச்சர்

நடுவில் ஆள் வேண்டும் என்பதை நூறு முறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் படித்து வந்தால் சிஆர்ஆர் எண் கிடைக்காது, பிள்ளைக்கு நேரடியாகப் பயிற்சி கொடுக்க முடியாது. இங்கே ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் பிள்ளையோடு தரையில் உட்கார்கிறேன். மதியம் அதே பிள்ளையின் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வரிசையில் நிற்கிறேன். முதலில் பி.எட்., வேலையில் நின்றபிறகு சமூகப் பணி என்பதுதான் என் வரிசை.

மணிமுத்தாறு

நான் உடன்படவில்லை. இந்தப் பெண்ணுக்கு யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

நானும் பி.எட். சிறப்புக் கல்வி படித்தவன்தான். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். ஒருத்தருக்கு எத்தனை பள்ளிகள், எத்தனை கிராமங்கள்! உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொன்னது: தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15-க்கு ஒருவர். தாளில் இருக்கிறது. நிரந்தரப் பணியிடம் எங்கே? வீட்டில் தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு மருந்து என்றான பிறகு இரண்டு வருடத்துக்கு முன் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்தது, நல்ல சட்டம். ஆனால் இலவசக் கல்வி உரிமை என்று அதில் எழுதியிருப்பது ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை. காதும்பேச்சும் அண்ணன் சொன்ன அந்த முதல் மூன்று வயதுக்கு அப்படி ஒரு உறுதி இல்லை. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும் மருத்துவக் குழு கண்டுபிடித்துச் சொல்லும். சொன்ன பிறகு தினம் யார் பயிற்சி கொடுப்பது? அந்த இடத்துக்குத்தான் இந்தப் பெண் போகப் போகிறாள். அங்கே சம்பளம் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

பனங்காட்டு டீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. நானும் அதே தொகுப்பூதியம்தான். சம்பளம் பத்தாமல் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். தங்கச்சி இதையும் வீட்டில் சொல்லிவிட்டே முடிவெடுக்கட்டும். பி.எட். இருந்தால் தனியார் பள்ளி, தொண்டு நிறுவனம், பயிற்சி மையம் என்று சில கதவுகள் கூடுதலாகத் திறக்கும். நிரந்தர வேலை என்று நம்பி வரவேண்டாம். அது கிடைக்க வேண்டும் என்று கேட்பதை மட்டும் நாம் யாரும் விடக்கூடாது.

கன்னடியன்வாய்க்கால்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பெரா எடுத்தாயிற்று. காதும்பேச்சும் அண்ணன் சொன்னபடி பஸ்ஸில் தூங்கவிடாமல் பாட்டுப் பாடியே கூட்டிப் போனோம். காது நன்றாக இருக்கிறது. ஆட்டிசம் என்று எழுதித் தந்தார்கள். எங்கள் அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே லீவு போட்டுவிட்டு எங்களோடு பயிற்சிக்கு வந்தார்.

மூன்று மாதப் படிப்புக்காரர்களிடம் ஆர்சிஐ எண் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் போனது போனதுதான்.

ஆய்க்குடிக்கும் போய் வந்தேன். முழு நாளும் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து பி.எட். சிறப்புக் கல்வி என்று முடிவு சொல்லிவிட்டேன். மணிமுத்தாறு அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "சம்பளம் குறைச்சல்னு தெரிஞ்சே போறே, அப்புறம் அழக் கூடாது" என்றார். சரி என்றேன். அண்ணன், நீங்கள் அதை எழுதியதற்கு நன்றி. தெரியாமல் போயிருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

மதினி இப்போது சுளகைக் கட்டி வைத்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மூடி விளையாட்டு விளையாடுகிறார். போன செவ்வாய்க்கிழமை அவன் மதினி கையைப் பிடித்து அடுக்களை அலமாரிக்கு இழுத்துப் போய், மேலே பார்த்துவிட்டு, 'மூ' என்றான். மூடியா, முறுக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மதினி இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

@மூலைநாற்காலி அக்கா, எங்கள் பயிற்சி மையத்துக்கு வரும் ஒரு பாப்பாவுக்கு உட்கார வரவில்லை. ஒன்றரை வயது. ஆசாரியிடம் நாற்காலி செய்யச் சொல்லலாமா என்று அவள் அம்மா கேட்கிறார். அளவு சொல்வீர்களா?

மூலைநாற்காலி

ஆசாரியிடம் போவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பாப்பாவைப் பார்க்கட்டும், இடுப்பும் முதுகும் எப்படி இருக்கிறது என்று. அவர் சரி என்றால் என் மகளின் அளவு வேண்டாம், அந்தப் பாப்பாவையே அளக்க வேண்டும். மடியில் நேராக உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிட்டத்திலிருந்து முழங்காலுக்குப் பின்மடிப்பு வரை அளந்து, இரண்டு விரல் குறைத்தால் பலகையின் நீளம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை உயரம், பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், தொங்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில் முழங்கை மடங்கும் மட்டத்துக்குத் தட்டு. தட்டின் ஓரத்தில் சின்னச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முறுக்கெல்லாம் உருண்டு கீழே விழும். பலகையின் விளிம்பை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், எங்கள் ஆசாரி முதலில் அதை விட்டுவிட்டார், பிள்ளையின் தொடை சிவந்துவிட்டது. கால்களுக்கு நடுவில் ஒரு மரக்கட்டை வேண்டும், அதில் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரே மூச்சில் மணிக்கணக்காக உட்கார வைக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

பிள்ளை வளர்ந்துவிட்டதால் எங்கள் பழைய நாற்காலி பரணில் சும்மாதான் இருக்கிறது. ஆசாரிக்கு மாதிரி காட்ட வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.